சொந்தத் தொகுதி இல்லாதவர்

1998 அக்டோபரில், தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் அரசுக் குடியிருப்பின் வாசலுக்குக் காய்கறி கொண்டுவரும் தள்ளுவண்டிக்காரர், வெங்காயத்தை மற்றக் காய்களோடு பரப்பி வைப்பதை நிறுத்திவிட்டார். தராசுக்கு அருகில், தன் கைக்கு எட்டும் தூரத்தில், சாக்குத்துணியின் மேல் அது ஒரு சிறு குவியலாகத் தனியே இருந்தது. கிலோ ஐம்பது ரூபாயைத் தாண்டி அறுபதை நெருங்கிய நாட்கள் அவை. எங்கள் வரிசையில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பூசணிக்காய்க் கூட்டுக்கும் மோர்க்குழம்புக்கும் மாறிச் சமாளித்துக்கொண்டன. வெங்காயம் சேர்க்காத சமையல் எங்கள் வீட்டுக்குப் புதிதும் அல்ல. மாடி வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கோ, வெங்காயம் வதங்காத அடுப்பு அடுப்பே அல்ல. ஒரு மாலை அவர் படிக்கட்டில் நின்றபடி என்னிடம் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை: "எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, இப்போது சரிசெய்ய ஒரு பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார்கள்."

அப்படிக் கூப்பிடப்பட்டவர் சுஷ்மா ஸ்வராஜ். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அக்டோபர் 12 அன்று, மத்திய அமைச்சர் பதவியை விட்டுவிட்டு வந்து தில்லியின் முதல் பெண் முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் பாரதிய ஜனதா கட்சி மதன்லால் குரானா, சாஹிப் சிங் வர்மா என்று இரண்டு முதலமைச்சர்களைப் பார்த்திருந்தது. அந்த ஆகஸ்டில்தான் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்த கடுகெண்ணெயைச் சாப்பிட்டு ஊரில் பலர் கைகால் வீங்கி இறந்திருந்தனர். (நல்லெண்ணெய்க்காரர்களான நாங்கள் தப்பித்தோம் என்று அப்போது பெருமூச்சு விட்டதை நினைத்தால் இன்று கூச்சமாக இருக்கிறது.) நவம்பர் 25 அன்று வாக்குப்பதிவு. ஆறு வாரத்தில் எந்த முதலமைச்சராலும் வெங்காயத்தை விளைவிக்க முடியாது. எழுபது இடங்களில் பாஜகவுக்குப் பதினைந்து கிடைத்தன, காங்கிரசுக்கு ஐம்பத்திரண்டு. ஹௌஸ் காஸ் தொகுதியில் தன்னளவில் வென்றிருந்த சுஷ்மா அந்த இடத்தையும் விட்டுவிட்டு மக்களவைக்குத் திரும்பினார். முதலமைச்சராக அவர் இருந்தது மொத்தம் 52 நாட்கள். அவருக்குப் பின் ஷீலா தீட்சித் பதினைந்து ஆண்டுகள் ஆண்டார். பாஜக தில்லி அரசுக்குத் திரும்ப 2025 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சுஷ்மாவின் கட்சிக்கு நான் வாக்களித்தவள் அல்ல. ஆனால் தலைநகரில் ஓர் அமைச்சகத்தில் சுருக்கெழுத்தராகச் சேர்ந்து, கோப்புகளுக்கு நடுவே முப்பது ஆண்டுகளைக் கழித்தவள் என்ற முறையில், அவரைத் தொடர்ந்து கவனித்திருக்கிறேன். ஆணை வந்ததும் மூட்டை கட்டிக்கொண்டு, யாரோ காலி செய்துவிட்டுப் போன வீட்டுக்குள் நுழைந்து, முதல் வேலையாக அடுப்பு மேடையைத் துடைக்கும் வாழ்க்கை எங்களுடையது. அவருடைய அரசியல் வாழ்க்கையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது என்பது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

நாற்பத்திரண்டு ஆண்டுகளில் அவர் நின்ற இடங்களை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாலே போதும். அரியானாவின் அம்பாலா கண்டோன்மெண்டில் 1952 பிப்ரவரி 14 அன்று பிறந்தார். லாகூரிலிருந்து வந்த குடும்பம், தந்தை ஆர்.எஸ்.எஸ். இயக்கத்தவர். சமஸ்கிருதமும் அரசியல் அறிவியலும் படித்து, சண்டிகரில் சட்டம் முடித்து, 1973-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்ட சில நாட்களில், 1975 ஜூலையில், சோசலிசவாதியான ஸ்வராஜ் கௌசலை மணந்தார். கணவரின் முதற்பெயரையே தன் பெயருக்குப் பின்னால் சேர்த்துக்கொண்டார். தம்பதி இருவரும், நெருக்கடிநிலைக்கு எதிராக வெடிவைக்கச் சதி செய்ததாகத் தொடுக்கப்பட்ட பரோடா டைனமைட் வழக்கில் ஜார்ஜ் பெர்னாண்டஸுக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் இருந்தனர். 1977-இல் இருபத்தைந்து வயதில் அம்பாலா கண்டோன்மெண்டிலிருந்து சட்டமன்றத்துக்குப் போய், தேவிலாலின் அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்றார். இருபத்தேழு வயதில் மாநில ஜனதா கட்சியின் தலைவர். இதுவரையில் பிறந்த வீட்டுக் கதை.

அதன் பிறகு அவரை மக்களவைக்காகக் கர்னாலில் நிறுத்தினார்கள். 1980, 1984, 1989 என்று மூன்று முறை நின்றார், மூன்று முறையும் தோற்றார். 1990-இல் மாநிலங்களவை வழியாகத்தான் நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடிந்தது. 1996-இலும் 1998-இலும் தெற்கு தில்லி. 1999-இல் கர்நாடகத்தின் பெல்லாரி. 2000-இல் உத்தரப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை. அந்த ஆண்டே மாநிலம் பிரிந்ததும் அந்த இடம் உத்தராகண்டுக்குப் போயிற்று. 2006-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை. 2009-இலும் 2014-இலும் அதே மாநிலத்தின் விதிஷாவிலிருந்து மக்களவை. அரசியலில் நெடுங்காலம் நிலைத்த ஆண்களில் பெரும்பாலோருக்கு ஓர் ஊர், ஒரு மாவட்டம், ஒரு சாதிக்கட்டு, மகனுக்கு எழுதிவைக்க ஒரு தொகுதி என்று ஏதாவது ஒன்று இருக்கும். இவருக்கோ கட்சி காட்டிய இடமெல்லாம் புகுந்த வீடு. போன வீட்டின் வழக்கத்தைக் கற்றுக்கொண்டு, அந்த வீட்டு மொழியைப் பேசி, அந்த வீட்டுப் பண்டிகையைக் கொண்டாடிப் பேர் வாங்குவதுதான் அவருக்கு விதிக்கப்பட்ட வேலை. அதை அவர் முகம் சுளிக்காமல் செய்தார் என்பதுதான் அவருடைய பழமைவாதம். கட்சி ஆவணங்களில் இருக்கும் பழமைவாதம் அதற்கு அடுத்ததுதான் என்று நான் நினைக்கிறேன்.

பெல்லாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தத் தேர்தலின்போது என் நாத்தனார் அங்கே இருந்தார். அவர் கணவருக்கு வங்கியில் வேலை. சோனியா காந்தி முதன்முறையாகத் தேர்தலில் நின்ற ஆண்டு அது. அமேதியோடு, தெற்கே பாதுகாப்பான ஓர் இடமாகப் பெல்லாரியையும் காங்கிரஸ் தேர்ந்தெடுத்திருந்தது. 1952 முதல் காங்கிரஸைத் தவிர வேறு யாரையும் மக்களவைக்கு அனுப்பாத ஊர் அது. எங்கே மனுத் தாக்கல் செய்யப் போகிறார் என்பதைக் கடைசி வரை மறைத்துவைத்து அவர் அங்கே போய் இறங்க, பாஜக அவசர அவசரமாகச் சுஷ்மாவை அனுப்பியது. இந்த மண்ணின் மகளா, அந்நிய தேசத்து மருமகளா என்பதாக முழக்கம் எழுந்தது. மருமகள் என்ற சொல்லை வசவாக்கிய அந்த முழக்கம் எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. பெல்லாரிக்கு இருவருமே வெளியூர்க்காரர்கள்தானே.

எஸ்.டி.டி. கட்டணம் பாதியாகும் இரவு நேரத்துக்காகக் காத்திருந்து நாத்தனார் தொலைபேசுவார். "மன்னி, அந்த அம்மா கன்னடத்திலேயே பேசுகிறாள்" என்றார் ஒரு நாள். "ஹிந்தி வாடை அடிக்கிறது, இலக்கணம் சறுக்குகிறது. ஆனால் நிறுத்தாமல் பேசுகிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டி, பாவம், குழந்தை எவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்றிருக்கிறது என்கிறாள்." நாற்பத்தேழு வயதான முன்னாள் மத்திய அமைச்சரைக் குழந்தை என்று அந்தப் பாட்டியைச் சொல்லவைத்தது அந்தப் பிழைகள்தான் என்று எனக்குத் தோன்றியது. பிழையோடு பேசத் துணிவது எளிதல்ல. முப்பது ஆண்டுகள் தில்லியில் இருந்தும், என் ஹிந்தியில் பஸ் ஆண்பாலா பெண்பாலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. அதற்குப் பயந்தே பல இடங்களில் ஆங்கிலத்துக்குத் தாவியிருக்கிறேன். சமஸ்கிருதம் தோய்ந்த ஹிந்தியைத் தன் அடையாளமாகவே வைத்திருந்தவர், பின்னாளில் ஐ.நா. சபையிலும் ஹிந்தியிலேயே பேசியவர், ஓட்டுக் கேட்கப் போன ஊரில் அந்த ஊர் மொழியில் தடுமாறத் தயாராக இருந்தார். ஹிந்தியைப் பற்றி நம்மிடம் வந்து உபதேசிக்கும் வடக்கத்தித் தலைவர்கள் பலருக்கு இந்தப் பாதி தெரியாது.

ஓரிரு வாரப் பிரசாரத்தில் ஏறக்குறைய 3.58 லட்சம் வாக்குகள் வாங்கினார். 56,100 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். சோனியா காந்தி அமேதியை வைத்துக்கொண்டு பெல்லாரியை விட்டுவிட்டார். வென்றவர் போய்விட்டார், தோற்றவர் அதற்குப் பின்னும் வந்துகொண்டிருந்தார் என்பதுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் கதை. ஆண்டுதோறும் வரமகாலட்சுமி பண்டிகைக்கு, நம் வரலட்சுமி நோன்புக்கு, பட்டுப்புடவையோடு பெல்லாரிக்கு வந்து பூஜையில் உட்காருவதைப் பல ஆண்டுகள் அவர் விடாமல் செய்தார். 2004-இல் அந்தத் தொகுதி முதன்முறையாகப் பாஜகவிடம் வந்தது. அங்கே தலையெடுத்த சுரங்க அதிபர்களான ரெட்டி சகோதரர்கள் அவரைத் தாயே என்று அழைத்து, அவர் கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு படமெடுத்துக்கொண்டார்கள். பின்னர் இரும்புத்தாது ஊழல் வெடித்து 2011-இல் ஜனார்தன ரெட்டி கைதானபோது அந்தப் படங்கள்தான் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. அவர்களை அமைச்சராக்கியதில் எனக்குப் பங்கில்லை என்று அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அவர் சொல்லியிருந்தார். ஆக்கியவர்கள் வேறு என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆசி வழங்கிய கை அவருடையதுதான்.

அமைச்சராக அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன். 1996 மே மாதம், வாஜ்பாயின் பதின்மூன்று நாள் அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை அவரிடம் இருந்தது. நம்பிக்கைத் தீர்மானத்தின் மீதான மக்களவை விவாதத்தைத் தூர்தர்ஷனில் நேரடியாக ஒளிபரப்ப ஏற்பாடு செய்தார். எங்கள் அலுவலகத்தில் பிரிவு அதிகாரியின் அறையில் இருந்த பெட்டிக்கு முன்னால் ஐந்து துறைகளின் எழுத்தர்கள் நின்று பார்த்தோம். தட்டச்சு ஓசை இல்லாத அலுவலகத்தை அன்றுதான் முதன்முதலில் கேட்டேன். தன் அரசு கவிழ்வதை நாடு முழுக்கப் பார்க்கட்டும் என்று ஏற்பாடு செய்த அமைச்சர் வேறு யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை. ஆனால் அந்தத் தோல்வி வாஜ்பாயின் பேச்சால் வெற்றியைவிடப் பெரிதாயிற்று. கணக்கு சுஷ்மாவுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும். இரண்டாவது, 1998-இல் திரைப்படத்துறைக்குத் தொழில் அந்தஸ்து தரப்படும் என்று அறிவித்தது. அதுவரை கந்துவட்டிக்காரர்களையே நம்பியிருந்த படத் தயாரிப்பு, வங்கி வாசலை மிதிக்க அதுதான் முதல் படி. கோடம்பாக்கத்தில் அதற்குப் பின்னும் கந்துவட்டி ஒழிந்துவிடவில்லை என்பது வேறு விஷயம். 2003-இல் சுகாதார அமைச்சராக இருந்தபோதோ, எய்ட்ஸ் பிரசாரத்தில் ஆணுறையைவிட ஒழுக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். போபால், புவனேஸ்வர், ஜோத்பூர், பாட்னா, ராய்ப்பூர், ரிஷிகேஷ் ஆகிய ஆறு ஊர்களுக்கு எய்ம்ஸ் மருத்துவமனைகளைக் கொண்டுவந்த திட்டமும் அவர் காலத்தில்தான் தொடங்கியது. ஒரே மேசையில் இரண்டு கோப்புகளும் இருந்திருக்கின்றன.

இனி, நான் அவரை மன்னிக்காத விஷயத்துக்கு வருகிறேன். 2004 மே மாதம், தேர்தலில் பாஜக தோற்று, சோனியா காந்தி பிரதமராவார் என்று எல்லோரும் எதிர்பார்த்திருந்த நாட்களில், அப்படி நடந்தால் தலையை மழித்துக்கொண்டு, வெள்ளைச் சேலை உடுத்தி, தரையில் படுத்து, கடலையைத் தின்று வாழ்வேன் என்று அறிவித்தார். தில்லிச் செய்தித்தாள்கள் அதை ஒரு நாடகப் பேச்சாக எடுத்துக்கொண்டன. எனக்கு அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் பாட்டியின் அக்கா ஒருவர் இருந்தார். பதினாறு வயதில் கணவரை இழந்தவர். மாதத்துக்கு ஒருமுறை நாவிதர் கொல்லைப்புற வாசல் வழியாக வருவார். கிணற்றடித் திண்ணையில் அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்காருவார். குழந்தைகளான எங்களை முன்கட்டுக்கு விரட்டிவிடுவார்கள். பிறகு நார்மடிப் புடவையின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் உள்ளே வரும்போது யாரும் அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம். இரவில் ஒருவேளைப் பலகாரம், படுக்க வெறும் தரை. இதைத் தானே தேர்ந்தெடுக்கப் போவதாக, அதுவும் ஓர் அரசியல் எதிர்ப்பாக, நெற்றி நிறையக் குங்குமமும் வகிட்டில் சிந்தூரமும் துலங்க ஒருவர் சொல்வதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, என் கையில் இருந்த காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். விதவைக்கோலம் என்பது ஒருவர் அணிந்து காட்டும் வேடம் அல்ல. சோனியா காந்தி ஏற்கெனவே கணவரைப் பறிகொடுத்தவர் என்பதும் அந்தப் பேச்சுக்குள் கசப்பாகக் கிடந்தது. சோனியா பதவியை ஏற்கவில்லை, மன்மோகன் சிங் பிரதமரானார், இவரும் எதையும் செய்ய வேண்டியிருக்கவில்லை. பின்னாளில், 2012 டிசம்பரில் தில்லிப் பேருந்துக் கொடுமையைப் பற்றி மக்களவையில் பேசும்போது, அந்தப் பெண் பிழைத்தாலும் நடைப்பிணமாகத்தான் வாழ்வாள் என்ற பொருளில் சொன்னார். கொதித்துப் பேசினார், குற்றவாளிகளுக்குத் தூக்கு கேட்டார், ஆனாலும் பெண்ணின் வாழ்வு எதில் இருக்கிறது என்பதைப் பற்றிய அவருடைய எண்ணம் மாறாமல் அங்கேயே இருந்தது. 2016-இல் வாடகைத்தாய் மசோதாவை விளக்கும்போது, மணமாகாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் ஒருபாலின இணையர்க்கும் அதில் இடமில்லை, அது நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று சொன்னவரும் அவர்தான்.

அதே மனிதர்தான் 2010 மார்ச் 9 அன்று மாநிலங்களவையில் மகளிர் இடஒதுக்கீட்டு மசோதா நிறைவேறியதும் மார்க்சிஸ்ட் கட்சியின் பிருந்தா காரத்தைக் கட்டித் தழுவிக்கொண்டு நின்றார். அந்தப் புகைப்படத்தை நான் வெட்டி வைத்திருந்தேன். வீடு மாறியதில் தொலைந்துவிட்டது.

2009 டிசம்பரில் அத்வானியிடமிருந்து மக்களவை எதிர்க்கட்சித் தலைவர் பதவி அவருக்கு வந்தது. அந்த நான்கரை ஆண்டுகளே அவர் வாழ்க்கையின் உச்சம் என்பது என் கருத்து. வெளியுறவு அமைச்சர் பதவி அல்ல. கடுமையாகத் தாக்குவார், ஆனால் அவையை விட்டு வெளியே வரும்போது யாரோடும் பேச முடியாத நிலை இருக்காது. மன்மோகன் சிங்கோடு உருதுக் கவிதை வரிகளால் மோதிக்கொண்டது பலருக்கும் நினைவிருக்கும். 2014 பிப்ரவரியில் அந்த அவையின் கடைசி நாளன்று, காங்கிரஸ் அமைச்சர்களில் கமல்நாத் தன் சராரத்தால் அவையைச் சிக்கலாக்குவார், ஷிண்டே தன் சராஃபத்தால் சிக்கலை அவிழ்ப்பார் என்று சொன்னார். முதலாவது குறும்பு, இரண்டாவது பெருந்தன்மை. ஓரெழுத்து மாறினால் பொருள் தலைகீழ். நம் மேடைகளில் எதுகைமோனைக்கு விழும் கைதட்டல்தான் அங்கேயும் விழுந்தது, எதிர்வரிசையும் சிரித்தது. அதே மாதம் தெலங்கானா மசோதாவை ஆதரித்துவிட்டு, சோனியா அம்மாவை நினைக்கும்போது இந்தச் சின்னம்மாவையும் மறந்துவிடாதீர்கள் என்று தெலங்கானா மக்களைக் கேட்டுக்கொண்டார். சின்னம்மா என்றால் சென்னையில் வேறொருவர் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தமிழர்களாகிய நாம் அவரைக் கூர்ந்து பார்த்தது 2012 ஏப்ரலில். இலங்கைக்குச் சென்ற நாடாளுமன்ற அனைத்துக்கட்சிக் குழுவுக்கு அவர் தலைமை ஏற்றார். அதிமுக, திமுக இரண்டும் தங்கள் உறுப்பினர்களை விலக்கிக்கொண்டன. ராஜபக்சேவின் விருந்தாளியாகப் போய் எதைப் பார்க்க முடியும் என்ற கேள்வி நியாயமானதே. வவுனியாவின் முகாம்களையும் முல்லைத்தீவையும் யாழ்ப்பாணத்தையும் பார்த்துவிட்டுக் கொழும்பில் பேசியபோது, மாகாணங்களுக்கு அதிகாரம் பகிரும் பதின்மூன்றாவது சட்டத் திருத்தத்தை நடைமுறைப்படுத்த வேண்டும், அதற்கு மேலும் போக வேண்டும் என்று வலியுறுத்தினார். தமிழ்ச் சங்கத்தில் நாங்கள் சிலர் அன்று மாலை வாதாடிக்கொண்டோம்: போனது சரியா, பேசியது போதுமா என்று. போதாது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. ஆனாலும் திராவிடக் கட்சிகள் இல்லாத அந்தக் குழுவில் அவர் போகாமல் இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில், பாஜகவில் பிரதமராகத் தகுதியுள்ளவர் சுஷ்மா ஒருவரே என்று சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே சொன்னார். சொன்னவர் வேறு கட்சிக்காரர். சொந்தக் கட்சியில் அப்படிச் சொல்ல ஆள் வேண்டுமானால், பின்னால் ஒரு மாநிலம் நிற்க வேண்டும். அரியானா எப்போதோ கைவிட்டுப் போயிருந்தது. தில்லியில் 52 நாட்கள். விதிஷாவோ அப்போதைய மத்தியப் பிரதேச முதலமைச்சர் சிவராஜ் சிங் சௌகானின் வீட்டில் ஓர் அறை. குஜராத்தை மூன்று முறை வென்று வந்தவருக்கு எதிரே இவரிடம் இருந்தது அவையும் நாவும்தான். 2013 செப்டம்பர் 13 அன்று நரேந்திர மோடி பிரதமர் வேட்பாளராக அறிவிக்கப்பட்டார். அத்வானி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. தயக்கம் இருந்ததாகச் சொல்லப்பட்ட சுஷ்மா வந்து உட்கார்ந்தார். போகச் சொன்ன வீட்டுக்கெல்லாம் போய்ப் பேர் வாங்கியவருக்கு, வீடு பங்கு பிரிக்கும்போது பத்திரம் இல்லை.

வெளியுறவு அமைச்சராக இருந்த ஐந்து ஆண்டுகளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய கொள்கை முடிவுகள் பிரதமர் அலுவலகத்தில் எடுக்கப்பட்டன. இவருக்கு மிஞ்சியது மனிதர்கள். அந்த மிச்சத்தை ஒரு துறையாகவே ஆக்கிக்காட்டினார். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித்திலிருந்து 46 செவிலியர் மீண்டனர். அந்த நவம்பரில் கொழும்பில் தூக்குத்தண்டனை பெற்றிருந்த ராமேஸ்வரத்து மீனவர் ஐவர் விடுதலையாயினர். ஆப்கானிஸ்தானில் கடத்தப்பட்ட தமிழ்நாட்டுப் பாதிரியார் அலெக்ஸிஸ் பிரேம்குமார் எட்டு மாதத்துக்குப் பின் திரும்பினார். செவ்வாய்க் கிரகத்தில் மாட்டிக்கொண்டாலும் அங்குள்ள இந்தியத் தூதரகம் உதவும் என்று ட்விட்டரில் வேடிக்கையாக எழுதினார். எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் எரிவாயு முகவர், மின்சாரம், பிளம்பர் எண்களுக்குக் கீழே அவருடைய ட்விட்டர் முகவரியையும் யாரோ சேர்த்து வைத்திருந்தார்கள். ஓர் அமைச்சருக்கு அது பெருமையா, ஒரு துறை தன் வேலையைத் தானாகச் செய்யாததன் அடையாளமா என்று முன்னாள் அரசு ஊழியராக எனக்குச் சந்தேகம் உண்டு.

ஈராக்கின் மோசூலில் கடத்தப்பட்ட இந்தியர் 39 பேர் விஷயத்தில் அவர் தவறினார். இறந்ததற்கு ஆதாரம் இல்லாமல் இறந்தார்கள் என்று சொல்வது பாவம் என்று ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் குடும்பங்களுக்கு நம்பிக்கை ஊட்டிவந்து, 2018 மார்ச் 20 அன்று மாநிலங்களவையில் அவர்கள் எல்லோரும் கொல்லப்பட்டதை அறிவித்தார். பஞ்சாபில் சில வீடுகள் அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில்தான் கேட்டன. தாய் ஸ்தானம் என்ற ஒன்றை எடுத்துக்கொண்டால், இப்படிப்பட்ட நாளில் அதன் கணக்கும் கேட்கப்படும்.

மூன்று மாதம் கழித்து அவர் முறை வந்தது. லக்னோவில் இருவேறு மதங்களைச் சேர்ந்த ஒரு தம்பதியைக் கடவுச்சீட்டு அதிகாரி அவமதித்ததாகப் புகார் வந்து, அந்த அதிகாரி மாற்றப்பட்டதும், தன் அணியைச் சேர்ந்தவர்களே ட்விட்டரில் அவரை வசைபாடினார்கள். 2016 டிசம்பரில் எய்ம்ஸில் அவருக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்திருந்தது. அந்தச் சிறுநீரகத்தையும் மதத்தின் பெயரால் இழுத்துப் பேசினார்கள். நாற்பது ஆண்டுகள் கும்பிட்ட பொட்டும் சிந்தூரமும் அன்று அவருக்குத் துணை வரவில்லை. இப்படித் தூற்றுவதை ஏற்கிறீர்களா என்று அவர் ட்விட்டரிலேயே வாக்கெடுப்பு வைக்க, 43 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். கட்சியின் பெரிய தலைகள் பல நாட்கள் வாய் திறக்கவில்லை.

அந்த நவம்பரில் இந்தூரில், இனி தேர்தலில் நிற்கப் போவதில்லை என்றார். மில்கா சிங்கூட ஒரு கட்டத்தில் ஓடுவதை நிறுத்தினார் என்று கணவர் நன்றி சொல்லி எழுதினார். 2019 மே மாதம் புதிய அமைச்சரவை பதவியேற்றபோது அவர் பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்தார்; ஒரு மாதத்துக்குள் சப்தர்ஜங் லேன் 8-ஆம் எண் அரசு வீட்டைக் காலி செய்தார். பதவி போன பின்னும் பங்களாவை விடாமல் ஆண்டுக்கணக்கில் நோட்டீஸ் வாங்கும் தலைவர்கள் உள்ள ஊர் இது. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸை ஒப்படைக்க, சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்கெல்லாம் சுண்ணாம்பு பூசிவிட்டு நிலுவையில்லாச் சான்றிதழுக்கு அலைந்த எனக்கு, அந்த ஒரு செய்கையில் அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது.

ஆகஸ்ட் 6 மாலை, காஷ்மீர் தொடர்பான மசோதா நிறைவேறியதற்குப் பிரதமருக்கு நன்றி சொல்லி, இந்த நாளைக் காணத்தான் காத்திருந்தேன் என்று எழுதினார். அன்றிரவே எய்ம்ஸில் உயிர் பிரிந்தது. மறுநாள் லோதி சாலை மின்மயானத்தில் மகள் பான்சுரி இறுதிச் சடங்குகளைச் செய்தார். மரபின் பக்கம் நின்றே பேசியவரின் சிதையருகே ஒரு பெண் நின்று காரியம் செய்வதை யாரும் ஆட்சேபிக்கவில்லை, புரோகிதர் உட்பட.

அதற்கு மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, வரலட்சுமி நோன்பு. மயூர் விஹார் வீட்டில் இப்போது மருமகள்தான் கலசம் வைக்கிறாள். 2015-இல் என் கணவர் போனதிலிருந்து நான் பூஜை அறைக்கு வெளியே இருந்துகொண்டு சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். யாரும் இருக்கச் சொல்லவில்லை, நானாகத்தான். பூரணத்தை உருட்டி வைத்துவிட்டு, மேல்மாவைக் கிளறி ஈரத்துணியால் மூடியிருந்தபோது பெங்களூரிலிருந்து நாத்தனார் கூப்பிட்டார். பெல்லாரி நினைப்பு வந்தது என்றார். எப்போதோ ஒரு நோன்பன்று அங்கே கூட்டத்தில் நின்று அவரைப் பக்கத்திலிருந்து பார்த்ததையும், அவர் புடவையின் மாம்பழ நிறத்தையும் சொன்னார். பிறகு, "எத்தனை கொடுத்து வைத்திருக்க வேண்டும், மன்னி. பூவோடும் பொட்டோடும் போய்ச் சேர்ந்துவிட்டாள்" என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மாவு ஆறிவிட்டால் சொப்பு விரிந்துவிடும், அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை வைத்தேன்.